பாலசேசுவுக்கு மொட்டை

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆம்பூரில்தான் என்று முடிவானதும் சவுரியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வேலூருக்குப் போய், நாத்தனார் மரியம்மாள் வீட்டு அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் அவள். கிறிஸ்துமஸ் என்றால் மற்றவர்களுக்குக் குடிலும் நட்சத்திரமும் நினைவுக்கு வரும். சவுரியம்மாளுக்குக் கண் எரியும்.

மரியம்மாளைச் சும்மா குறை சொல்லக் கூடாது. கெட்ட மனுஷி அல்ல. எல்லாம் அவள் சொல்படி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கணவர் ரத்தினசாமி வேலூர் ஜெயிலில் வார்டர். அங்கே அவர் ஓர் அதட்டல் போட்டால் கைதிகள் கப்சிப்பென்று ஆகிவிடுவார்கள் என்று பேச்சு. வீட்டில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். குழந்தைகள் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். சவுரியம்மாளின் மகள் பிலோமியோ கையைக் கட்டுகிற ஜாதியே இல்லை. போன வருஷம் அவள் குடிலுக்குள் ஏறி ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். உட்காருவதற்கு முன் அது மண் ஒட்டகம். உட்கார்ந்த பிறகு வெறும் மண்.

இந்த வருஷம் ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் சரக்கு ஜாஸ்தி. கப்பலுக்குப் போக வேண்டிய தோல் மலையாகக் குவிந்து கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு என்று அங்கே வேலை பார்க்கிற சவுரியம்மாளின் புருஷன் தேவசகாயத்திடம் சொல்லிவிட்டார்கள். "அப்ப அக்காவையும் மாமாவையும் இங்க வரச் சொல்லலாமா?" என்று அவன் பெண்டாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் சவுரியம்மாள் மனசுக்குள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்த வீட்டில் கிறிஸ்துமஸோ அந்த வீட்டுக்குத்தான் பாலசேசு. மரியம்மாளின் அப்பா எந்தக் காலத்திலோ புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த குழந்தை இயேசுவின் மரச் சுரூபம் அது. முழங்கை நீளம் இருக்கும். பொன்னிறச் சுருட்டை முடி, ரோஜா நிறக் கன்னம், நீலக் கண். நவம்பர் கடைசியில் மரியம்மாளே அதைப் பெட்டியில் வைத்து ரயிலேறிக் கொண்டுவந்தாள். எப்போதும் பச்சகுப்பம் ஸ்டேஷன் தாண்டும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள், அன்றைக்கு இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததால் தோல் கிடங்கு வாசனையை முழுசாக அனுபவித்தபடி வந்து இறங்கினாள்.

"இதோ பாரு சவுரி," என்றாள் பெட்டியை நீட்டி. "கோயில்ல கிறிஸ்துமஸ் பூசை முடிஞ்சு வந்துதான் துணியப் பிரிக்கணும். அதுக்கு முன்னால யார் கண்ணும் படக்கூடாது. ஒரு கீறல் விழுந்திருந்துச்சுன்னா அடுத்த வருஷத்துலேருந்து எப்பவும்போல வேலூர்தான். அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

"சரிங்க அண்ணி," என்றாள் சவுரியம்மாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தன் வீட்டில், தன் அடுப்பில், தன் பிள்ளை இஷ்டம்போல ஓடியாடுகிற ஒரு கிறிஸ்துமஸ். அது வருஷா வருஷம் வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிலோமிக்கு முதல் முடி எடுத்தது மாதனூரில், சவுரியம்மாளின் தாய்வீட்டில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, அத்தை கையால் தலையில் சந்தனம் தடவுவது தேவசகாயம் வீட்டு முறை. ஆனால் பிள்ளை இல்லாதவள் முதல் முடிக்கு வர வேண்டாம் என்று மாதனூர்ப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். சவுரியம்மாளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். பிறகு, "அவசரத்துல நடந்துடுச்சு அண்ணி," என்று ஒரு பொய்யைச் சொன்னாள். மரியம்மாள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு உரிக்க வேண்டிய வெங்காயம் மட்டும் இரண்டு மடங்கானது.

பிலோமிக்கு இப்போது நாலு வயது. பக்கத்து வீட்டு சர்தார் பாஷாவுக்குப் புதிதாக ஆண் குழந்தை பிறந்திருந்ததால் அவள் கண் விழித்ததும் அங்கே போய்விடுவாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, கன்னத்தில் மைப்பொட்டு வைப்பது எல்லாவற்றையும் மேஸ்திரி மாதிரி இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பாள். ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, பாய் வீட்டுப் பாப்பாக்கு மொட்டை போட்டுட்டாங்க! தலையில சந்தனம் வெச்சாங்க!"

"வெக்கட்டும்."

"ஏம்மா மொட்டை போட்டாங்க?"

"அப்பதான் முடி நல்லா மொளைக்கும்."

"நம்ம பாப்பாக்கு எப்பம்மா?"

"நம்ம வீட்டுல ஏதுடி பாப்பா?" என்றாள் சவுரியம்மாள். அவள் கவனமெல்லாம் முறுக்கு மாவில் இருந்தது. பிலோமி திரும்பி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பாலசேசுவின் பெட்டியைப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் பிலோமி அவன் மடியில் ஏறிக்கொண்டு கேட்டாள். "அப்பா, முடி எப்டிப்பா எடுக்கறது?"

தேவசகாயத்திடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும், "அம்மாவக் கேளு," என்று சொல்லியிருப்பான். இதைப் போய்க் கேட்டாள். கிடங்கில் அவன் வேலையே அதுதான். ஆட்டுத்தோலிலிருந்து முடி நீக்குகிற சுண்ணாம்புக் குழிக்காரன் அவன். இத்தனை வருஷத்தில் வீட்டில் யாரும் அவனிடம் தொழிலைப் பற்றி விசாரித்ததில்லை. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கத்தியெல்லாம் வேணாம் கண்ணு. சுண்ணாம்புல போட்டு ஊற வெச்சுடணும். அவசரப்படக் கூடாது. நல்லா ஊறுச்சுன்னா முடி தானா கழண்டுக்கும். கையால தடவுனா போதும், வந்துடும்."

"வலிக்குமாப்பா?"

"வலிக்கவே வலிக்காது," என்றான் தேவசகாயம், செத்த ஆட்டை நினைத்துக்கொண்டு.

கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். கரைத்து ஆறவைத்த சுண்ணாம்பு பாதிப் பானை மிஞ்சிப் போய்க் கொல்லைப்புறத்தில் மூடி வைத்திருந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, பாலசேசுவுக்குப் புது அங்கி தைக்க, துணியைப் பிரிக்காமல் மேலாகவே அளவெடுக்கலாம் என்று சவுரியம்மாள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே துணி இருந்தது. துணிக்குள் இருக்க வேண்டியவர் இல்லை.

"பிலோமீ!"

கொல்லைப்புறத்திலிருந்து பிலோமி வந்தாள். கையில் ஒரு நீளமான குச்சி. குச்சியில் சுண்ணாம்பு. பாவாடையில் சுண்ணாம்பு. மூக்கு நுனியிலும் கொஞ்சம்.

"பெட்டியில இருந்த சாமி எங்கடி?"

"இன்னும் ஊறணும்மா. அவசரப்படக் கூடாது."

சவுரியம்மாள் குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். ஓடிப் போய்ப் பானையைத் திறந்தாள். சோற்றுக் கரண்டியை விட்டுத் துழாவினாள். முதலில் ஒரு கால் வந்தது. பிறகு ஆள் முழுசாக வந்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ, பொன்னிற முடி தோல் தோலாக உரிந்து கையோடு வந்தது. கன்னத்து ரோஜாவும் அதோடு போனது. நீலக் கண் இரண்டும் வாய்க்காலோடு போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஒரு மொட்டை மரக்கட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. கண்ணே இல்லாமல் எப்படிப் பார்த்தது என்று கேட்காதீர்கள். பார்த்தது.

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். "இனிமே நல்லா மொளைக்கும்மா," என்றாள் பிலோமி, ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுத்த திருப்தியில். ஓங்கிய கை அப்படியே நின்றது. சவுரியம்மாள் பிள்ளையை இழுத்துப் போய்க் கையிலும் மூக்கிலும் எண்ணெய் தடவிச் சுண்ணாம்பைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழுதாள். வேலூர் வெங்காயம் மூட்டை மூட்டையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அழுவாதம்மா. சந்தனம் வெச்சுடலாமா?"

"சந்தனம் அத்தைதான் வெக்கணும். அத்தை வரட்டும். இப்ப நீ என் கண்ணுல படாத, போ!" என்று விரட்டினாள். அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட வந்த தேவசகாயத்தின் முன்னால் சோற்றுக்குப் பதிலாகச் சுரூபத்தைக் கொண்டு வந்து வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் சுரூபத்தை எடுத்து, தலையில் கட்டை விரலை வைத்து ஒரு தடவு தடவினான். தொழில் புத்தி எங்கே போகும்?

"ஒரு பொட்டு கூட நிக்கல பாரேன். எங்க கிடங்குலயே இவ்ளோ சுத்தமா வர்றதில்ல."

சவுரியம்மாள் பார்த்த பார்வையில் சுரூபத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். "அக்காகிட்ட உள்ளதச் சொல்லிடலாம் சவுரி. கொழந்த தெரியாம பண்ணது தானே."

"சொல்லுங்க. அடுத்த வருஷம் வேலூருக்குப் போயி நீங்களே வெங்காயம் உரிங்க."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "சர்தார் பாயைக் கேட்டுப் பாரு. அவர்தான் தோலுக்கு வர்ணம் ஏத்துறவரு," என்று சொல்லிவிட்டு, இரண்டு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கிடங்குக்கு ஓடிப் போனான்.

சர்தார் பாஷா செருப்பும் குதிரைச் சேணமும் தைத்து, அதற்கு வர்ணமும் ஏற்றுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்கத் தாடியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் யோசித்தார்.

"உருவத்துக்கு மூக்கு முழி எழுதுறது நமக்கு ஆகாது தங்கச்சி. உங்க ஏசுவ நாங்க ஈசா நபின்னுவோம், எங்களுக்கும் பெரிய மரியாதை, அது வேற. நீ ஒண்ணு பண்ணு. பக்குவத்த நான் சொல்றேன், பூசறத நீ பூசு. நான் அந்தப் பக்கமா திரும்பி உக்காந்துக்கறேன்."

அப்படியே சவுரியம்மாள் வீட்டுக் கொல்லையில் வந்து, புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அவள் அடுப்பை மூட்டினாள்.

"ரோஸ் கலர் இருக்குதா பாய்?"

"நம்மகிட்ட கறுப்பு இருக்குது, செவப்பு இருக்குது. செவப்பப் பூசினா புள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி ஆய்டும். அதான் ஆவாரம்பட்டைத் தண்ணி கொண்டாந்தேன். தேன் நிறம் வரும், லட்சணமா இருக்கும். ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"லேசா சூடு பண்ணு. பண்ணிட்டியா? துணிய நனைச்சு ஒத்தி ஒத்தி எடு. இப்ப எப்டி இருக்குது?"

"தேன் மாதிரி இல்லியே பாய்."

"பின்ன இன்னா மாதிரி இருக்குது?"

"கருப்பட்டி மாதிரி இருக்குது."

"கம்மியா பூசும்மா."

"கம்மியாதான் பூசறேன். அது பாட்டுக்குக் கறுத்துட்டே போவுது!"

சர்தார் பாஷாவின் முதுகு கொஞ்ச நேரம் யோசித்தது. "தங்கச்சி," என்றார் மெதுவாக, "எதுல சூடு பண்ண?"

"வாணலியிலதான்."

"மண் வாணலியா, இரும்பு வாணலியா?"

"இரும்பு," என்றாள் அவள். சர்தார் பாஷா சுவரைப் பார்த்தபடியே நெற்றியில் அடித்துக்கொண்டார். பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் மைக்கறுப்பாகிவிடும் என்பது ஆம்பூரில் பால்குடிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். கிடங்கில் தோலை ஊறப்போடுகிற பட்டைக் குழிப் பக்கம் யாராவது இரும்பு வாளியோடு போனால் மேஸ்திரி கல்லால் அடிப்பார். சவுரியம்மாளுக்கும் தெரியாமல் இல்லை. வீட்டில் இருந்த மண்சட்டி எல்லாவற்றிலும் சுண்ணாம்பு. பதற்றத்தில் கைக்கு அகப்பட்டது வாணலி.

"ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா சொல்லியிருப்பீங்களே பாய்!"

"பாக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தானே உக்காந்தேன்? இன்னா பேஜாரா போச்சு," என்றார் அவர். அப்போதும் திரும்பவில்லை. சொன்ன சொல் தவறாத மனுஷர்.

கழுவிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். ஏறிய கறுப்பு இறங்குகிற வழியாக இல்லை. கண் இல்லாமல் விட முடியாதே என்று, சுண்ணாம்பை வைத்து வெள்ளை விழி எழுதி, நடுவில் குச்சியால் மை இட்டாள். பிலோமி தன் பங்குக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வந்தாள். கறுத்த கன்னத்தில் மை தெரியவில்லை என்று சுண்ணாம்பால் வைத்தாள். சவுரியம்மாளுக்குத் தடுக்கத் தெம்பில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டிமேல் ஆட்டுக்கல் குழவியையும் தூக்கி வைத்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மரியம்மாளும் ரத்தினசாமியும் வந்து இறங்கினார்கள். மரியம்மாள் வாசலில் நின்று மூக்கிலிருந்த முந்தானையை எடுத்தாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். குடிலில், மண் ஒட்டகத்துக்குப் பதிலாகத் தேவசகாயம் துண்டுத் தோலில் தைத்து வைத்திருந்த ஒட்டகத்தைப் பார்த்தாள். அதன்மேல் பிலோமி உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. எதையும் குறை சொல்ல முடியாததால் அவளுக்கு உடம்புக்கு என்னவோ போல் இருந்தது.

"சாமி பத்திரமா இருக்குதா? கொண்டா, ஒரு தடவ பாத்துடறேன்."

"பூசை முடியாம பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

திறந்த வாயை மரியம்மாள் மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து சவுரியம்மாள் அவளை மடக்கிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜெயில் மதிலைத் தாண்டிக் குதித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல ரத்தினசாமி அவளைப் பார்த்தார். "அத்தே, நம்ம தம்பிக்கு..." என்று பிலோமி ஆரம்பித்தாள். சவுரியம்மாள் ஒரு முழு அதிரசத்தை அந்த வாயில் அடைத்தாள். அன்றைக்குப் படுக்கப் போகும்வரை அதிரசத்தட்டோடு பிள்ளையின் பின்னாலேயே திரிந்தாள்.

கோயிலில் பூசை வைக்கிற சாமியார் வேலூரில் நடுச்சாமப் பூசையை முடித்துக்கொண்டு ஆம்பூருக்கு விடியும்போதுதான் வருவார். பிரசங்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று சவுரியம்மாளைக் கேட்டால் தெரியாது. 'ஆண்டவரே, உமக்கு முடியாதது ஒன்றுமில்லை. நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் நீரே கொஞ்சம் வெளுத்துக்கொள்ளும்,' என்று அவள் வேறு ஒரு பூசை நடத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து குடிலில் விளக்கேற்றினார்கள். சூசையப்பரும் மாதாவும் நடுவில் இருந்த வைக்கோலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். துணியைப் பிரிப்பது எப்போதும் மூத்தவளின் உரிமை. மரியம்மாள் பெட்டியை மடியில் வைத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். தேவசகாயம் கூரையில் என்னவோ இருப்பதுபோல மேலே பார்த்தான். கடைசிச் சுற்று அவிழ்ந்தது.

கருப்பட்டி நிறத்தில், மொட்டைத் தலையோடு, பளிச்சென்று இரண்டு கண்ணும் கன்னத்தில் வெள்ளைப் பொட்டுமாகப் பாலசேசு மரியம்மாளைப் பார்த்துக் கையை விரித்தார்.

பிலோமி கைதட்டினாள். வாயில் அதிரசம் இல்லாத நேரம்.

"அத்தே! தம்பிக்கு மொட்டை போட்டுட்டோம்!"

"யாரு போட்டா?"

"நாந்தான். சுண்ணாம்புல போட்டேன். வலிக்கவே இல்ல."

"அண்ணி, கொழந்த தெரியாம..." என்று சவுரியம்மாள் ஆரம்பித்தாள். மரியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் சவுரியம்மாள் தாங்கியிருப்பாள். அதற்குத்தான் இரண்டு நாளாக மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். மரியம்மாள் கத்தவில்லை.

"இந்தத் தடவையும் முடி எடுத்துட்டுத்தான் எனக்குச் சொல்றீங்க," என்றாள்.

குரலில் கோபமே இல்லை. இவ்வளவு நாளும் இந்த மனுஷி வெங்காயக் கூடையை ஏன் தன் பக்கம் தள்ளினாள் என்பது புரியாததுபோல இருந்துவிட்டோமே என்று சவுரியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. மாதனூரில் அன்றைக்கு, 'எங்க அண்ணி வராம முடி எடுக்க மாட்டேன்,' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

பிலோமி அத்தையின் முழங்காலைப் பிடித்து ஆட்டினாள். "இன்னும் சந்தனம் வெக்கல அத்தே. நான் வெக்கறேன்னு சொன்னேன். அம்மா வேணாம்னுச்சு. அத்தைதான் வெக்கணுமாம். அத்தை வரட்டும்னுச்சு."

மரியம்மாள் நிமிர்ந்தாள். "அம்மாவா சொன்னா?"

"ஆமா. அழுதுக்கினே சொல்லுச்சு."

மரியம்மாள் சவுரியம்மாளைப் பார்த்தாள். பிள்ளையை விரட்டுவதற்காகச் சொன்ன பேச்சு அது என்று சவுரியம்மாளுக்குத் தெரியும். இந்தப் பெருமை தனக்குரியது அல்ல என்றும் தெரியும். ஆனாலும், அந்த நேரத்தில் அதைவிட உண்மையான ஒன்று அவளிடம் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்கதான் வெக்கணும் அண்ணி," என்றாள். "அப்பவே நீங்கதான் வெச்சிருக்கணும். நான்தான் வாயத் தொறக்கல."

மரியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். தோல் கிடங்கு வாசனைக்காக அல்ல.

"வாயப் பாத்துட்டு நிக்கறியே, வீட்டுல சந்தனக் கட்டை இருக்குதா இல்லியா?" என்று அதட்டினாள்.

சவுரியம்மாள் ஓடிப் போய்ச் சந்தனம் இழைத்துக் கொண்டுவந்தாள். மரியம்மாள் தரையில் உட்கார்ந்து, பிள்ளை குளிப்பாட்டுகிறவர்கள் நீட்டுவதுபோல இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் பாலசேசுவைக் கிடத்தினாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி உட்கார்ந்து ரத்தினசாமி பார்த்ததில்லை. சந்தனத்தை உள்ளங்கையில் வாங்கி, உச்சியிலிருந்து பிடரிவரைக்கும் மெதுவாகத் தடவினாள். கறுத்த மொட்டையில் சந்தனம் பொன்னாக ஏறியது. பிறகு மீதிச் சந்தனத்தைப் பிலோமியின் தலையில் தேய்த்தாள். அவளுக்கு இருந்ததோ எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. இருந்தாலும் தேய்த்தாள். பிலோமி தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"ஜாடை தெரியுதா?" என்றார் ரத்தினசாமி திடீரென்று. அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "சின்னதுல நம்ம தேவசகாயம் இப்டித்தான் இருந்தான். அச்சு அசல்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மரியம்மாள். சுரூபத்தைக் கையில் தூக்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எங்கப்பா ஜாடை," என்று தீர்ப்புச் சொல்லி, வைக்கோலில் கிடத்தினாள்.

அன்று சவுரியம்மாள் அடுப்பங்கரைக்குள் போனபோது, மூலையில் மரியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வெங்காயக் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஐயோ, எழுந்திரிங்க அண்ணி," என்று பதறினாள் சவுரியம்மாள். "உன் வீட்டு வேலைய நீ பாரு," என்றாள் மரியம்மாள். சவுரியம்மாள் பார்த்தாள். கறிக்குழம்பில் உப்பு ஒரு கல் ஜாஸ்திதான். யாரும் சொல்லவில்லை. சர்தார் பாஷா வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையப் பலகாரம் போனது. தூக்கைக் கொண்டுபோன தேவசகாயத்திடம் அவர் ரகசியமாகக் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்ப நெறம் எப்டி இருக்குது?"

சாயங்கால வண்டிக்கு மரியம்மாளும் ரத்தினசாமியும் கிளம்பினார்கள். பெட்டியைக் கேட்பாளா, கேட்க மாட்டாளா என்று சவுரியம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன்வரைக்கும் மரியம்மாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பிலோமியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"மொட்டை போட்டாச்சு, சரி. தெனம் தலையப் பாத்துக்கணும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் இங்க வர்றப்ப முடி மொளைச்சிருக்கணும். தெரிஞ்சுதா?"

"சரி அத்தே."

வண்டி நகர்ந்தது. சவுரியம்மாளுக்கு அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் இங்க வர்றப்ப! அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு பாதி வழி நடந்த பிறகுதான் மீதி வாக்கியம் உறைத்தது.

"ஏங்க, மரத்துல முடி மொளைக்கணுமாமே?" என்றாள் புருஷனிடம்.

"எடுக்கற வேலைதான் எனக்குத் தெரியும்," என்றான் தேவசகாயம். "மொளைக்க வைக்கற வேலை எங்க கிடங்குல இல்ல."

பிலோமிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மறுநாள் காலையிலேயே குடிலின் முன்னால் உட்கார்ந்து, பாலசேசுவைக் காலில் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். சவுரியம்மாள் எட்டிப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.